இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் சான்று

1960-களின் அமெரிக்காவில் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தவரை ஏற்றிச்செல்ல வந்து நின்றது பல ஊர்களில் சவ ஊர்திதான். இறந்தவர்களை அடக்கம் செய்துதரும் நிறுவனங்களே ஆம்புலன்ஸும் நடத்தின. ஒரு மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளம் அந்த வண்டிகளுக்கு இருந்ததே காரணம். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதி, இப்படிப்பட்ட 12,000 ஈமச்சடங்கு நடத்துநர்களின் கையில் இருப்பதாக 1966-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கையில் எழுதியது. விபத்துச் சாவையும் ஊனத்தையும் ‘நவீன சமுதாயம் புறக்கணித்த நோய்’ என்று தலைப்பிலேயே குற்றம்சாட்டிய அறிக்கை அது. 1965-ஆம் ஆண்டில் மட்டும் 1,07,000 பேர் விபத்துகளில் இறந்ததையும், 4 லட்சம் பேர் நிரந்தரமாக ஊனமுற்றதையும் அது நாட்டின் முன் வைத்தது.

அப்போது வண்டியில் வந்தவருக்கு என்ன தெரிந்திருந்தது? செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தால் அதுவே பெரிய தகுதி. பல இடங்களில் அதுவும் இல்லை. ஓட்டுநர் உரிமம் போதும்.

இந்த நிலையைக் கண்டு கொதித்தவர்களில் ஒருவர் எலும்பு அறுவை மருத்துவர் ஜே.டி. ஃபாரிங்டன். ‘டீக்’ என்று அழைக்கப்பட்ட அவர், 1950-களின் பிற்பகுதியிலேயே சாம் பேங்க்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து சிகாகோ தீயணைப்பு வீரர்களுக்குக் காய சிகிச்சைப் பயிற்சி தரத் தொடங்கியிருந்தார். 1967-இல் அவர் எழுதிய ‘பள்ளத்தில் ஒரு சாவு’ என்ற கட்டுரை, சாலையோரத்தில் தொடங்கவேண்டிய மருத்துவம் மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது என்பதை மருத்துவ உலகத்துக்கு உறைக்கும்படி சொன்னது. அந்தப் பயிற்சியின் வழியில்தான் ஆம்புலன்ஸ் ஊழியருக்கான 81 மணி நேரப் பாடத்திட்டம் உருவாயிற்று. 1971-இல் எலும்பு அறுவை மருத்துவர்களின் கழகம் இத்துறைக்கென்று ஒரு பாடநூலையும் வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்று பெயர்பெற்ற நூல் அது.

படித்தால் மட்டும் போதுமா? படித்ததற்குச் சான்று யார் தருவது? ஒரு மாநிலத்தில் ஏற்கப்பட்டவர் பக்கத்து மாநிலத்தில் யாரோ எவரோ ஆகிவிட்டார். அதிபர் லிண்டன் ஜான்சன் அமைத்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் குழு, நாடு முழுவதற்கும் ஒரே சான்றமைப்பு தேவை என்று 1969-இல் பரிந்துரைத்தது. அதையொட்டி 1970-இல் அவசர மருத்துவத் தொழில்நுட்பர்களின் தேசியப் பதிவேடு பிறந்தது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் அதன் தலைமையிடம். முதல் செயல் இயக்குநர் ராக்கோ மொராண்டோ. 1971-இல் நடந்த முதல் தேர்வை நாடெங்கும் 51 மையங்களில் 1,520 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எழுதினார்கள்.

இதே காலத்தில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் இன்னொரு வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் பகுதியில் ஆம்புலன்ஸ் வேலையைக் காவல்துறை வண்டிகளே பார்த்தன. நோயாளியைப் பின்னால் கிடத்திவிட்டு, இரண்டு காவலர்களும் முன்னால் ஏறிக்கொள்வார்கள். 1967-இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, சி.பி.ஆர். என்ற உயிர்மீட்பு முறையை வகுத்தவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சஃபார் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 81 மணி நேரம் எங்கே, இவர்கள் படித்த ஏறத்தாழ 300 மணி நேரம் எங்கே!

1970-களின் நடுவில் அந்தச் சேவையின் மருத்துவ இயக்குநராக வந்தவர் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர். அவர் வகுப்பு எடுத்ததோடு நிற்கவில்லை. ஊழியர்களோடு வண்டியில் ஏறினார்; நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு என்ன செய்தோம், என்ன தவறவிட்டோம் என்று அவர்களோடு உட்கார்ந்து அலசினார். தொடர்கல்வி என்ற சொல் படிவங்களில் ஏறுவதற்கு முன்பே அதன் உயிரான வடிவம் அங்கே நடந்துகொண்டிருந்தது என்பேன். உயர்நிலை ஆம்புலன்ஸ் ஊழியர்களான பாராமெடிக்குகளுக்கான முதல் தேசியப் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பும் அவருக்கே கிடைத்தது. 1979-இல் வெளிவந்த அவருடைய பாடநூல் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. நாட்டுக்கே வழிகாட்டிய அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் வெளியேறும்படி ஆயிற்று. தாக்குப்பிடித்து நின்ற ஜான் மூன், அந்நகரச் சேவையின் துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். தகுதி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த அநீதியையும் நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

தேசியப் பதிவேட்டின் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் படித்துப் புதுப்பிக்காவிட்டால் சான்று காலாவதி. நெடுங்காலம் அந்தப் படிப்பு மணிக்கணக்கில்தான் அளக்கப்பட்டது. அடிப்படை நிலை ஊழியர் 24 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சியையும் 48 மணி நேரத் தொடர்கல்வியையும் முடிக்கவேண்டியிருந்தது. பாராமெடிக்குக்கு இது தலைகீழாக 48, 24. இருவருக்கும் கூட்டுத்தொகை 72. புத்தாக்கப் பயிற்சி என்பது முதல் வகுப்பில் படித்ததையே சுருக்கித் திரும்பப் படிப்பது. சி.பி.ஆர். போன்ற கைத்திறன் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே தளரத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பதால், மீள்பயிற்சிக்கு நியாயம் உண்டு. ஆனால் மறதி ஒன்றுதான் பிரச்சினை என்று எண்ணியதில் பெரிய பிழை ஒளிந்திருந்தது. பாடமே மாறிக்கொண்டிருந்தது.

எடுத்துக்காட்டாக, அதிர்ச்சி எதிர்ப்புக் கால்சட்டை. ரத்தம் இழந்தவரின் கால்களிலும் வயிற்றிலும் காற்றடைத்த உறையை மாட்டி அழுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று நம்பி, 1970-களில் ஆம்புலன்ஸ்கள் அதைச் சுமந்தன. 1989-இல் ஹூஸ்டன் நகரில் கென்னத் மேட்டாக்ஸின் குழு 911 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு, கால்சட்டை மாட்டப்பட்டவர்களே அதிகமாக இறந்ததைக் காட்டியது. நேற்றுவரை தேர்வில் செய்துகாட்டி மதிப்பெண் பெற்ற திறன், நோயாளிக்குத் தீங்கு என்றானது.

டூர்னிகெட் என்ற இறுக்குப்பட்டையின் கதை இதற்கு நேர்மாறு. அதைக் கட்டினால் கை கால் போய்விடும், வேறு வழியே இல்லாதபோதுதான் தொடவேண்டும் என்று ஒரு தலைமுறை ஊழியர்கள் படித்தார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமுற்ற வீரர்களின் அனுபவம், சரியாகக் கட்டிய பட்டை உயிர்காக்கிறது என்பதைத் தெளிவாக்கியது. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது அந்தப் பாடத்தின் அருமையை நாடே பார்த்தது. அதே 2013-இல், அடிபட்டவரை எல்லாம் கட்டைப்பலகையில் இறுகக் கட்டிவைக்கும் பழக்கத்தைக் குறைக்கச் சொல்லி அவசர மருத்துவர்களும் அறுவை மருத்துவர்களும் கூட்டாக அறிவித்தார்கள். சி.பி.ஆர். முறையே எத்தனை முறை மாறியது! இரண்டு மூச்சுக்கு 15 அழுத்தம் என்றிருந்தது 2005-இல் 30 ஆயிற்று; 2010-இல் மூச்சுவழியைப் பார்ப்பதற்கு முன்பே மார்பை அழுத்தத் தொடங்கு என்று வரிசையே புரண்டது.

வேலையின் எல்லையும் விரிந்தது. மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் ஒரு காலத்தில் மருத்துவரும் பாராமெடிக்கும் மட்டுமே தொடும் கருவி. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் மிக்கி ஐசன்பெர்க்கின் குழு அதை அடிப்படை நிலை ஊழியர்களிடம் கொடுத்துப் பார்த்தது. உயிர்பிழைத்தவர்களின் விகிதம் பல மடங்கு கூடியதை 1980-இல் வெளியிட்டது. ஏற்கெனவே சான்று பெற்று வேலையில் இருந்தவர்களுக்குப் புதுப் பயிற்சி தந்ததால்தான் இது நடந்தது.

மணிக்கணக்கு முறைக்கு இன்னொரு நோயும் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்ததற்கான கையெழுத்தே சான்றைப் புதுப்பித்துவிடும் என்றால், உட்காராமலே கையெழுத்து வாங்கும் வழியும் பிறந்துவிடும். 2010-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் நடக்காத வகுப்புகளுக்கு வருகைப் பதிவு காட்டியது அம்பலமாகி, ஏறத்தாழ 200 பேர் நடவடிக்கைக்கு ஆளானார்கள். ஆம்புலன்ஸில் வருபவர் இறுக்குப்பட்டையை எப்போது கட்டவேண்டும் என்பதை உண்மையில் படித்தாரா என்று நோயாளியால் கேட்க முடியாது. அதனால்தான் இந்தப் பொய் சாதாரண அலுவலகப் பொய் அல்ல. தொடர்கல்வி வகுப்புகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்க 1992-இலேயே தனி அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. 2016-இல் அது கேப்ஸ் (CAPCE) என்று பெயர் மாறியது.

2012-இல் தேசியப் பதிவேடு புதிய திட்டத்தை அறிமுகம் செய்து, அடுத்த சில ஆண்டுகளில் எல்லோருக்கும் விரித்தது. 72 மணி நேரம் போயிற்று. அடிப்படை நிலை ஊழியருக்கு 40, பாராமெடிக்குக்கு 60 என்று நேரம் குறைந்தது. ஆனால் அதில் பாதி, நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுத்த பாடம். எந்த ஆய்வு எந்தச் சிகிச்சையை மாற்றியதோ அது அந்தப் பாதியில் இடம்பெறும். கால் பங்கை மாநிலமோ உள்ளூர் மருத்துவ இயக்குநரோ தீர்மானிக்கலாம். மிச்சம் ஊழியரின் சொந்த விருப்பம். படிப்பு வேண்டாம் என்பவர் மறுபடி தேர்வெழுதியும் புதுப்பித்துக்கொள்ளலாம். பழைய முறை மறந்ததை நினைவூட்டியது. இது மாறியதைச் சொல்லிக்கொடுக்கிறது. நாற்பது ஆண்டுகள் தாமதமானாலும் சரியான திருத்தம்.

எனினும் ஒரு குறை தீரவில்லை. அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஆம்புலன்ஸை ஓட்டுவோரில் பலர் தன்னார்வலர்கள். பகலில் பண்ணையிலோ பள்ளியிலோ வேலை, இரவில் அழைப்பு வந்தால் வண்டி. சான்று முடியும் மார்ச் 31 நெருங்கும்போது அந்த 40 மணி நேரத்தை அவர்கள் தம் வார இறுதிகளிலிருந்தே எடுக்கிறார்கள். கட்டணத்தையும் சில இடங்களில் தம் பையிலிருந்தே கொடுக்கிறார்கள். அவர்கள் படிக்கவேண்டும் என்று கேட்பது நியாயம். அந்தப் படிப்புக்கான நேரத்துக்கும் செலவுக்கும் அவர்கள் காக்கும் ஊரும் மாநிலமும் பணம் கொடுக்கவேண்டும் என்பதும் அதே அளவு நியாயம்.