ராணிகள் என்று அழைக்கப்பட்ட சிப்பாய்கள்

ஆவடியில் வாழ்பவர்களுக்கு ராணுவம் அன்றாடக் காட்சி. ஒருபுறம் டாங்கி செய்யும் தொழிற்சாலை, இன்னொருபுறம் சீருடை தைக்கும் தொழிற்சாலை. ஆனால் ‘சிப்பாய்’ என்று சொன்னால் இங்கே யார் மனதிலும் ஆண் உருவம்தான் எழும். 1943இலேயே துப்பாக்கி ஏந்திப் பயிற்சி எடுத்த தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்களின் தளபதியை நமக்குத் தெரியும்: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த கேப்டன் லட்சுமி. அவருக்குக் கீழே வரிசையில் நின்ற சாதாரணச் சிப்பாயைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

அவள் பெரும்பாலும் மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவள். ஆணைவிடக் குறைந்த கூலி பெற்றவள். கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி வாழ்ந்தவள். ஜப்பான் மலாயாவைப் பிடித்த பிறகு தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள்.

1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்குத் தனிப்படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பெண் எதற்காக அதில் சேர்ந்தாள்? தேசபக்தி என்ற ஒற்றைச் சொல்லில் நம் பாடநூல்கள் முடித்துவிடுகின்றன. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். லயத்தை விட்டு வெளியேறும் ஆசையும் இருக்கலாம். பார்த்தேயிராத இந்தியாவின் மீதான பற்றும் உண்மையாகவே இருக்கலாம். ஓர் ஆண் பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தால் அவன் வீரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பெண்ணிடம் மட்டும் ஏன் தூய நோக்கம் கேட்கிறோம்? அவளுடைய சகோதரனை ரயில் பாதைக்கு அனுப்பிய அதே ஜப்பானின் கூட்டாளிப் படையில்தான் அவள் சேர்ந்தாள். இந்த முரணையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மணமாகாதவள் என்றால் தகப்பனின் கையெழுத்து, மணமானவள் என்றால் கணவனின் கையெழுத்து. நாட்டுக்காகச் சாகத் துணிந்தவளுக்கும் ஓர் ஆணின் அனுமதி தேவைப்பட்டது.

முகாமில் அவள் சேலையைக் களைந்து காக்கி அணிந்தாள். அணிவகுப்பு, துப்பாக்கிச் சுடுதல், இரவுக்காவல் எல்லாம் கற்றாள். புரியாத இந்துஸ்தானியில் வந்த ஆணைகளைப் பழகிக்கொண்டாள். பல சாதிகளையும் மதங்களையும் சேர்ந்தவர்கள் ஒரே அடுக்களையில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். 1944இல் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குச் சென்று மேமியோவில் தங்கியது. இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால் அவர்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. காயம்பட்ட ஆண்களுக்கு மருத்துவப் பணி செய்தார்கள், குண்டுவீச்சைத் தாங்கினார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபோது, ஒரு பிரிவு போஸுடன் இரவுகளில் நடந்தே தாய்லாந்து நோக்கிப் பின்வாங்கியது. ரயிலில் திரும்பிய இன்னொரு பிரிவைக் கெரில்லாக்கள் தாக்கினார்கள். அதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள்.

“போரிடவே இல்லையே, அவர்கள் எப்படிச் சிப்பாய்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் காலாட்படை வீரனின் போர்க்கால வாழ்க்கையை எடுத்துக்கொண்டாலும் அதில் பெரும்பகுதி நடை, காவல், காத்திருப்பு, நோய், பின்வாங்கல்தான். ஆணுக்கு அது ராணுவச் சேவை. பெண்ணுக்கு மட்டும் அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலை போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க்கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. யாரோ ஒரு குடியானவர் மகனின் உயரம், கண் நிறம், நெருங்கிய உறவினரின் பெயர்வரை இன்று படிக்கலாம். ஜான்சி ராணிப் படையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆயிரம் என்பார் சிலர். ஐந்நூறுக்கும் குறைவு என்பார் வேறு சிலர். எண்ணிக்கையே உறுதியாகாத இடத்தில் பெயர்களை எங்கே தேடுவது?

பேரரசுக்காக இறந்தவனுக்குக் கல்லறை கிடைத்தது. அதை எதிர்த்தவர்களில் படித்த, ஆங்கிலம் பேசிய அதிகாரிகளுக்கு நேர்காணல்களும் நூல்களும் கிடைத்தன. கேப்டன் லட்சுமியையும், கோலாலம்பூரின் ஜானகி ஆதி நாகப்பனையும் நாம் அப்படித்தான் அறிகிறோம். அவர்கள் தந்த சாட்சியம் பெரிது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துச் சிப்பாயின் குரல் அதற்குள் பிறர் சொல்லாகவே வருகிறது. போர் முடிந்ததும் பலர் அதே தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். டெல்லி செங்கோட்டை விசாரணையில் நின்றவர்கள் ஆண் அதிகாரிகள்தான். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அளவுக்குக்கூட இந்தப் பெண்களைப் பேரரசு பொருட்படுத்தவில்லை.

சுதந்திர இந்தியாவும் மேலிருந்துதான் கதவைத் திறந்தது. பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 1992இல் பெண்களைச் சேர்த்தார்கள். அதிகாரி அல்லாத சாதாரண நிலையில் ராணுவக் காவல் பிரிவில் பெண்களைச் சேர்க்க 2019வரை ஆனது. காலாட்படை இன்னும் திறக்கப்படவில்லை. கனடா அதை 1989இலேயே திறந்துவிட்டது.

பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்பியவர்களின் வீடுகள் சென்னையிலும் தமிழகம் முழுவதும் இருக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி வந்தவர்கள் இருந்தால், தாத்தா என்ன செய்தார் என்று கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். பாட்டி என்ன செய்தார், அவருடைய அக்கா எங்கே போனார் என்றும் கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அரசு வைக்காத கோப்பை நாம்தான் உருவாக்க வேண்டும்.