காலையில் ஜிம், இரவில் கிரிவலம்: ஒரே நாளில் 2 முறை உடற்பயிற்சி தேவையா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று காலை ஜிம்முக்கும் போய், இரவு கிரிவலமும் சுற்றலாமா?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. 3 மணி நேரத்தில் சுற்றினாலே 180 நிமிடம் ஆச்சு. அன்னிக்கு ஜிம்முக்கு லீவு விடலாம்.

மற்ற நாட்களில்? நேரம் இல்லாதவங்க 30 நிமிடத்தை காலை 15, மாலை 15 எனப் பிரிக்கலாம், பலன் குறையாது. இரண்டு வேளையும் முழுசாகச் செய்து தூக்கம் கெட்டாலோ, சோர்வு தீராவிட்டாலோ ஒருவேளையை விட்டுடுங்க.

இன்சுலின் போடுபவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை அளவு சட்டென இறங்கலாம். வெறுங்காலில் பட்ட காயமும் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் கேட்டுட்டு நடங்க.