யார் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டிசம்?

ஆட்டிசம் படித்த, வசதியான வீடுகளில்தான் அதிகம் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 1943-இல் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளே. அமெரிக்காவில் 2002, 2004 ஆண்டுகளில் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கிலும், குடும்ப வசதி ஏற ஏற எண்ணிக்கை ஏறியது.

ஸ்டாக்ஹோமில் இது தலைகீழ். 2012-இல் வெளியான ஆய்வில் குறைந்த வருமானக்காரர், உடலுழைப்பாளர் வீடுகளில்தான் ஆட்டிசம் கூடுதல். சுவீடனில் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை இலவசம். அமெரிக்காவில் காப்பீடு வேண்டும், விடாமல் அலையும் பெற்றோர் வேண்டும். அங்கும் ஏழைப் பகுதிகளில் தேடல் பரவியபின், 2020 கணக்கில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் வெள்ளையரை முந்திவிட்டார்கள். ஆக, பழைய அமெரிக்கக் கணக்கு காட்டியது ஆட்டிசத்தை அல்ல, டாக்டரை எட்டியவர்களை.

சென்னையின் மாதவரத்தை இதில் எந்தப் பக்கம் வைப்பது? பழைய அமெரிக்கப் பக்கம்தான் என்பேன். அடுக்குமாடி வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், மறுவாரமே ஸ்பீச் தெரபி. லாரி ஓட்டுநர் வீட்டிலோ, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லிவிடுவாள். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருப்பது முட்டுக்காட்டில், நகரின் மறுகோடியில். போய்வர ஒரு நாள் கூலி போகும். தெரபி என்றால் வாராவாரம் போகவேண்டும்.

குழந்தைகளை இலவசமாகப் பரிசோதிக்க 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. எனும் மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போகிறது. ஆனால் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தெருமுனை நர்சரியில் சேர்க்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த நர்சரிகள் திட்டத்தில் இல்லை. இங்கிலீஷ் மீடியத்துக்காகப் பட்ட கடன், இலவசப் பரிசோதனையையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது.

நம்மிடமும் சுவீடன் மாதிரி ஒரு வாசல் இருக்கிறது: தடுப்பூசி நாள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டருக்கு, ஏழை பணக்காரர் பேதமின்றிப் பிள்ளையைத் தூக்கி வருகிறோம். ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட்-ஆர் எனும் 20 கேள்விப் படிவம் அந்த வயதுக்கும் பொருந்தும். ஊசி போடும் நர்ஸம்மா அதைக் கேட்க அரசு உத்தரவிடட்டும். அதுவரை, பிள்ளை விரல் நீட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று நீங்களே அவரிடம் பேச்சை எடுங்கள்.