புகைபோக்கி யாருக்கு?

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டை மலைப்பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வாழ்ந்த மரவீடு இன்றில்லை. எஞ்சி நிற்பது அதன் புகைபோக்கியே. 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த அவர், 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடநூல்கள் சொல்லும். காடு வெட்டியோரும் கொழுந்து கொய்தோரும் எந்தப் புகையில் சோறு பொங்கினர் என்பதை அவை சொல்லா.

புகைபோக்கி வெறும் துவாரமன்று. ஈர விறகு எரிகையில் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே கழிகிறது. தீ தணிந்து, முற்றும் எரியாத புகை எழுகிறது. குளிர்ந்த உட்சுவரிற் பட்டதும் அது தாராய்ப் படிகிறது. கிரியோசோட்டு எனப்படும் இப்படிவு கரியோடு திரண்டால் வழி அடைபடும். தீப்பொறி பட்டால் புகைபோக்கியே பற்றியெரியும். விறகைப் பிளந்து, மழைபடாது பல மாதம் உலர்த்துவதும், காற்றை அடக்காது எரிப்பதும், ஆண்டுக்கொரு முறையேனும் உள்ளே சுரண்டித் துடைப்பதுமே காப்பு. மூடுபனி நீங்காத மலையில் விறகுலர்த்துவது எளிதா? எளிதன்று. விறகுக் கொட்டிலும் வேலையாளும் உள்ள பங்களாவுக்கே அது கைகூடிற்று.

இங்கிலாந்தில் இக்கரியைச் சுரண்டச் சிறுவரைப் புகைக்குழாய்க்குள் ஏற்றினர். அத்தொழிலாளரின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரியே காரணமென்று லண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட் 1775இல் எழுதினார். 1788, 1840, 1864 எனச் சட்டங்கள் வந்தன. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கொடுமை ஒழிந்தது. நூறாண்டு! அந்நூறாண்டின் பிற்பாதியில்தான் கண்டி மலைகளிற் கோப்பித் தோட்ட லயங்கள் எழுந்தன.

லயத்திற் சுரண்டுவதற்குப் புகைபோக்கியே இல்லை. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. அடுப்பு உள்ளே, அல்லது இஸ்தோப்பில். புகைக்குழாயின் வேலையைக் கூரைத் தகரம் செய்தது. அதிற் படியாதது தாயின் நெஞ்சிலும், முதுகில் கிடந்த பிள்ளையின் நெஞ்சிலும் படிந்தது.

மாற்று வழி விலை உயர்ந்ததன்று. ஹைதராபாத்துப் பொறியியலாளர் எஸ்.பி. ராஜு, களிமண்ணாற் கட்டும் புகையில்லா அடுப்பை விளக்கி 1953இல் நூல் வெளியிட்டார். இந்திய அரசு 1980களில் இத்தகைய அடுப்புகளைப் பெருமளவிற் பரப்பியது. ஆயினும் குழாயைத் துப்புரவு செய்வார் இன்றி, கரி அடைத்துக் கைவிடப்பட்டவை பல. விடியுமுன் எழுந்து, மாலைவரை கொழுந்து கொய்யும் பெண்ணே குழாயையும் சுரண்டவேண்டும் என்றால் அது எவ்வாறு நிலைக்கும்? அடுப்பைக் கொடுத்தவர்கள் வேலைநேரத்தைக் கணக்கிலெடுக்கவில்லை.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. புகை போக வழியின்றிக் கட்டிய சமையலறைகளில், லயத்துப் பெண்கள் தலைமுறைகளாய் அறிந்த கண்ணெரிவைச் சிலர் அன்றே முதன்முறை அறிந்தனர்.