டார்வின் வீட்டுக் காய்கறிப் போர்

1859 நவம்பர் 24 அன்று லண்டனில் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' உலகையே புரட்டிப் போட்ட நூல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டார்வின் தன் கைப்பட எழுதிய அதன் பிரதி என்ன ஆனது தெரியுமா? பிள்ளைகள் படம் வரையப் போய்விட்டது!

டார்வின் 1842 முதல் கென்ட் பகுதியில் உள்ள டவுன் கிராமத்தில்தான் வசித்தார். அவருக்கும் மனைவி எம்மாவுக்கும் பத்துப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணக்கார வீடுகளில் அப்பாவின் அறைப் பக்கம் குழந்தைகள் போகவே முடியாது. டவுன் வீடு கொஞ்சம் வேறு மாதிரி. கத்தரிக்கோல், நூல், குண்டூசி, சுத்தியல் என்று ஏதாவது கேட்டுக்கொண்டு பிள்ளைகள் அவருடைய படிப்பறைக்குள் நுழைந்துகொண்டே இருப்பார்களாம். இதை மகன் பிரான்சிஸ் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பொறுமைசாலி அப்பாதான்!

பிரிட்டனில் காகிதத்துக்கு அப்போது வரி உண்டு. அது 1861இல்தான் நீங்கியது. டார்வினோ தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுதுவார். புத்தகம் அச்சாகிவிட்டால் பழைய பிரதியை வைத்து என்ன செய்வது? பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

சுமார் 600 பக்கங்கள் இருந்த அந்தப் பிரதியில் இன்று கிடைப்பவை ஐம்பதுக்கும் குறைவு. அவற்றில் சில தப்பியதற்குக் காரணம் டார்வினின் எழுத்து அல்ல, பின்னால் இருந்த படங்கள்! அப்பாவின் எழுத்தைக் குப்பையில் போட்ட குடும்பம், பிள்ளைகளின் கிறுக்கலைப் பத்திரப்படுத்தியது. இப்போது அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அதில் பெயர் பெற்றது ஒரு வண்ணப்படம். குதிரைக்குப் பதில் காய்கறிகள் மேல் ஏறிக்கொண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள். பிரான்சிஸ் வரைந்தது என்று கருதுகிறார்கள்.

படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தாள்கள் எப்படிப்பட்ட நாட்களில் எழுதப்பட்டவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். பத்து வயது மகள் ஆனி 1851இல் இறந்திருந்தாள். 1858 ஜூனில் வாலஸின் கடிதம் வந்தது. டார்வின் இருபது ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த அதே கருத்து அதில் இருந்தது. அதே மாதம் 28ஆம் தேதி, ஒன்றரை வயதுக் கடைசி மகன் சார்லஸ் ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட்டான். இருவரின் கருத்தும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்ட ஜூலை 1 அன்று, அப்பா அங்கே இல்லை. குழந்தையை அடக்கம் செய்த நாள் அது. அந்த ஜூலையிலேயே புத்தகத்தை எழுத ஆரம்பித்தார். பிள்ளைகளில் மூன்று பேரைப் பறிகொடுத்த வீட்டில், மிச்சமிருந்தவர்களின் படங்களை எறிய யாருக்குத்தான் மனசு வரும்?

காய்கறி வீரர்களை வரைந்த பிரான்சிஸ் வளர்ந்து தாவரவியலாளர் ஆனார். அப்பாவின் கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்து 1887இல் நூலாக வெளியிட்டவரும் அவர்தான். 1896இல் எம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒரு கட்டுத் தாள் கிடைத்தது. டார்வின் 1842இல் தன் கொள்கையை முதன்முதலாகப் பென்சிலில் எழுதிப் பார்த்த குறிப்பு! அதையும் பிரான்சிஸ்தான் 1909இல் அச்சில் கொண்டுவந்தார்.