பழைய பிக்கப் வண்டியும் புதிய எஞ்சினும்

மோட்டார் வாகனங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அவற்றைச் செய்த தொழிற்சாலைகளின் வரலாறாகவே கருதிவருகிறோம். விற்பனையான பின்னர் ஒரு வண்டி எவ்வாறு வாழ்ந்தது என்பதும் வரலாறேயாகும். அமெரிக்க நாட்டில் 1947 முதல் 1955 தொடக்கம் வரை உற்பத்தியான ஷெவர்லே பிக்கப் வண்டிகளின் பிற்கால வாழ்வை இங்கே சிறிது ஆராய்வோம். அவற்றுள் பல, தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சினோடு இன்று ஓடவில்லை. எஞ்சினை மாற்றியவர்களுள் சிலர் வண்டிக்கு மறுவாழ்வு அளித்தனர். வேறு சிலர் நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

அரை டன் வகையாகிய 3100 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1953 வரை அதில் இருந்தது ஆறு சிலிண்டர்களும் 216 கன அங்குலக் கொள்ளளவும் உடைய பெட்ரோல் எஞ்சின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 90 குதிரைச் சக்தி. பிஸ்டன்களைத் தாங்கும் தண்டுகளின் அடியில் கரண்டி போன்ற சிறு உறுப்புகள் உண்டு. அவை எண்ணெயை அள்ளித் தெளித்தே பேரிங்குகளுக்கு வழவழப்பு ஊட்டின. பின் அச்சின் பல்சக்கர விகிதம் 4.11, அதாவது, மேல் கியரில் எஞ்சின் நான்கு முறைக்குச் சற்று மேல் சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். பண்ணையிலிருந்து சந்தைக்குச் சுமையேற்றி மெல்லச் செல்வதற்கு இவ்வமைப்பு மிகப் பொருத்தமானது.

ஆனால் சாலைகள் மாறின. 1956இல் இயற்றிய நெடுஞ்சாலைச் சட்டம், 41,000 மைல் நீளமுள்ள விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்தது. அச்சாலைகளில் மணிக்கு 60 மைல் வேகம் செல்வதானால், பழைய எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழலவேண்டும். சிறிது நேரம் அது தாங்கும். நாள் முழுவதும் அவ்வாறு ஓட்டினால், தெளித்த எண்ணெயை நம்பியிருக்கும் பேரிங்குகள் தேயும்.

எஞ்சினை மாற்ற விரும்பியோர்க்கு இரு வழிகள் இருந்தன. முதலாவது, 1954இல் இதே வண்டியில் இடம்பெற்ற 235 கன அங்குல எஞ்சின். இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சினே. ஆயினும் இதில் பம்பு அழுத்தத்தால் எண்ணெய் பேரிங்குகளை அடைகிறது. பழைய கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் மாற்றவேண்டுவதில்லை. இரண்டாவது, 1955இல் ஷெவர்லே வெளியிட்ட எட்டு சிலிண்டர் 'வி' வடிவ எஞ்சின். 265 கன அங்குலத்தில் அது 162 குதிரைச் சக்தி தந்தது. 1967இல் அக்குடும்பத்தில் 350 கன அங்குல எஞ்சின் தோன்றியது. 2011இல் இக்குடும்ப வழியில் வந்த எஞ்சின்களின் எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டியது. உதிரி உறுப்புகள் எளிதில் கிடைத்தமையால் பலர் இதனையே நாடினர்.

தவறு நேர்ந்தது இங்கேதான். குதிரைச் சக்தியை மட்டும் எண்ணியவர்கள் எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதை எண்ணவில்லை. 1954 வரை இவ்வண்டிகளில் சுழலும் தண்டு ஒரு மூடிய குழாய்க்குள் இருந்தது. சக்கரங்கள் வண்டியை உந்தும் விசை முழுவதும் அக்குழாய் வழியாகவே முன்னே சென்றது. புதிய கியர்ப் பெட்டியில் அக்குழாயைப் பொருத்த இடமில்லை. ஆகவே பெட்டியை மாற்றினால் பின் அச்சையும் மாற்றவேண்டும். மிதிகளும் கிளட்ச் உறையோடு இணைந்தவை. அவற்றுக்கும் புதிய தாங்கல் அமைக்கவேண்டும். எஞ்சின் மாற்றம் என்று தொடங்கியது ஏறத்தாழ வண்டி மாற்றமாகவே முடிந்தது!

கியர்ப் பெட்டியைத் தேர்வதிலும் இத்தகைய ஆராய்ச்சி தேவை. 1969இல் வந்த மூன்று கியர்த் தானியங்கிப் பெட்டி உறுதியானது. எனினும் அதன் மேல் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே அளவாகச் சுழல்கின்றன, 4.11 அச்சோடு சேர்த்தால் பழைய இரைச்சல் குறையாது. 1982இல் வந்த நான்கு கியர்ப் பெட்டியிலோ, மேல் கியரின் விகிதம் 0.70. அதே அச்சோடும் அதே 60 மைல் வேகத்திலும் எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ 2,050ஆகக் குறைகிறது. கூடுதல் ஆற்றலைத் தேடியவர்கள் பலர் உண்மையில் நாடியது இந்த அமைதியையே எனலாம். 1997இல் வந்த அலுமினிய எஞ்சினோ இன்னும் வலியது; ஆயின் அதனைக் கட்டுப்படுத்த மின்னணுக் கருவியும் உயர் அழுத்த எரிபொருள் பம்பும் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக்கு. இவ்வண்டிகளின் நான்கு சக்கரப் பிரேக்குகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரே திரவ வழி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் பயனற்றுப் போகும். ஆற்றலை இருமடங்காக்கி, நிறுத்தும் வழியை மட்டும் பழையபடி விடுவது, ஓட்டுபவர் உயிரோடும் எதிரே வருபவர் உயிரோடும் விளையாடுவதாகும்.

ஆதலின், எந்த எஞ்சின் சிறந்தது என்னும் வினாவுக்கு முன், இவ்வண்டி எந்தச் சாலையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு சுமையோடு செல்லப்போகிறது என்று வினவுதல் வேண்டும். ஊர்ச் சாலைகளோடு நிற்பவர்க்கு 235 எஞ்சினே போதும். நெடுந்தூரம் செல்பவர் எஞ்சின், பெட்டி, அச்சு, பிரேக்கு ஆகிய நான்கையும் ஒன்றாகக் கருதித் தேர்ந்து, அவற்றின் செலவையும் ஒன்றாகவே கணக்கிடவேண்டும். கழற்றிய உறுப்புகளை எறிந்துவிடாமல் எண்ணெய் பூசிக் காத்துவைப்பதும் நம் கடமை. பின்னால் வரும் ஒருவர் அவ்வண்டியை அதன் பழைய நிலைக்கு மீட்க விரும்பக்கூடும் அன்றோ?