எழுவானும் படுவானும்: புவிச்சுழற்சிக் கொள்கையின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுதலும் படுதலுமே நிலத்திற்குப் பெயராயின. தான்தோன்றீஸ்வரர் திருக்கோயிலாற் சிறப்புற்ற கொக்கட்டிச்சோலை படுவான்கரையில் உள்ளது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைக் கடந்தோர் நீர்வழியே சென்றனர். தோணி முன்செல்ல, கரைமரங்கள் பின்செல்வனபோலத் தோன்றும். இவ்வெளிய காட்சியே வானியல் வரலாற்றில் ஓர் அரிய உண்மைக்கு உவமையாயிற்று.

கி.பி. 476 இற் பிறந்த ஆரியபட்டர், 499 ஐ ஒட்டி இயற்றிய ஆரியபட்டீயத்தில் அவ்வுவமையை எடுத்தாண்டார். தோணியிலிருப்பவன் அசையாப் பொருள்களைப் பின்செல்வனவாகக் காண்பதுபோல, இலங்கையில் நிற்பவனுக்கு நிலைத்த விண்மீன்கள் மேற்கே செல்வனவாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. ஈண்டு இலங்கை என்றது, உச்சயினியின் நேர்தெற்கே நிலநடுக்கோட்டில் வானியலார் கற்பித்த ஓரிடமேயன்றி, இன்று அப்பெயர் தாங்கும் தீவு அன்று. 43,20,000 ஆண்டுகளிற் பூமி 158,22,37,500 முறை சுழலும் என அவர் கணித்தார். அதன்படி ஒரு சுழற்சிக்கு ஆகும் காலம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. இன்றைய அளவும் ஏறத்தாழ அதுவே.

எனினும் அறிஞர் உலகம் இக்கொள்கையை எளிதில் ஏற்கவில்லை. பூமி சுழலுமாயின் வானிற் பறந்த பறவை தன் கூட்டை மீண்டும் அடைவது எங்ஙனம் என வராகமிகிரர் வினவினார். உயர்ந்த பொருள்கள் வீழாதிருப்பது ஏன் என 628 இற் பிரமகுப்தர் மறுத்தார். ஆயின் பிரமகுப்தரின் நூலுக்கு உரைகண்ட பிருதூதக சுவாமியே, 9 ஆம் நூற்றாண்டில், ஆரியபட்டரின் பக்கம் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

மறுத்தோரை அறியாதார் எனல் பொருந்தாது. அவர் வினாக்கள் நேரியவை. அவற்றிற்குரிய விடை அன்று பிறக்கவில்லை. பூமியுடன் காற்றும் கூடவே செல்கின்றது. சீராகச் செல்லும் தோணியில் நழுவவிட்ட கல் காலடியிலேயே விழுகின்றது. இந்நியாயத்தைக் கலிலியோ 1632 இல் விரித்துரைத்தார். 1851 இற் பாரிசு நகரிற் பூக்கோ தொங்கவிட்ட ஊசல் சுழற்சியைக் கண்கூடாக்கிற்று. மேலும், பூமி சுழலினும் வானம் சுழலினும் கிரகணக் கணிதம் ஒன்றேயாதலின், பஞ்சாங்கம் கணித்தோர்க்கு இவ்வழக்கைத் தீர்க்கும் தேவையும் எழவில்லை.

பூமி ஞாயிற்றைச் சுற்றிவரும் என ஆரியபட்டர் கூறினாரல்லர். அதனை 1543 இற் கொப்பர்னிக்கசு நிறுவ முயன்றார். ஆயினும் பருவங்களுக்கு மூலமான சாய்வைப் பண்டையோர் அறிந்திருந்தனர். 24 பாகை என்று கணித்தனர். இன்றைய அளவு ஏறத்தாழ 23½ பாகை. கொக்கட்டிச்சோலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 7½ பாகையில் இருத்தலின், ஏப்பிரல் 9 ஐ ஒட்டியும் செத்தெம்பர் 3 ஐ ஒட்டியும் நண்பகலில் ஞாயிறு உச்சியில் நிற்கும். நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவே. ஆகவே அங்குப் பருவத்தை உணர்த்துவது குளிரன்று, காற்று. வடகோளம் ஞாயிற்றினின்று சாய்ந்திருக்குங்கால் ஆசிய நிலப்பரப்புக் குளிர்கின்றது. அங்கிருந்து கடல் கடந்துவரும் வாடை மாரியைத் தருகின்றது. படுவான்கரையின் பெரும்போகம் அம்மழையை நம்பியது.

எழுவான், படுவான் என்னும் பெயர்கள் கண்டதைக் கூறின. ஆரியபட்டர் காட்சிக்கு அப்பாலுள்ள காரணத்தைக் கூறினார். பெயர்கள் நிலைக்கட்டும். ஆனால் உண்மை முன்னரே உரைக்கப்பட்டிருப்பினும், ஐயங்களுக்கு விடை காணும்வரை அது உலகின் உடைமையாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.